ரானுயியில் வசிக்கும் இடிக் கடவுள்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குட்டிப் பெண் ஆரணியைப் பக்கத்து ஊரான மாசியில் இருக்கும் ஹாலுக்குக் கூட்டிப் போய், படிவம் நிரப்பிக் கொடுத்து, அவள் மேடையேறும்போது வீடியோ எடுக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் மூன்று வேலை. சுபா அக்கா சொன்ன வேகத்தில் ஒன்றாகத்தான் கேட்டது.

நாடு விட்டு வந்து, ரானுயி என்ற புறநகரில் சுபா அக்கா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அக்கா யாழ்ப்பாணம், நான் ஈரோடு. அக்கா நர்ஸ். அவர் கணவர் ஜெயசீலன் அண்ணா எலக்ட்ரீஷியன். அன்று இருவருக்கும் வேலை நாள்.

ஆரணி அவர்களுடைய ஒரே மகள், ஏழு வயது. தமிழ் அவள் காதுக்குள் போகும், ஆங்கிலமாக வாய் வழியே வெளியே வரும். நடுவில் என்ன இயந்திரம் ஓடுகிறதோ தெரியாது, ஒரு நாளும் பழுதானதில்லை.

அக்கா ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசமாத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போறன், மது. ஒரு வசனம் வந்ததில்லை. இண்டைக்கும் வாய் திறக்காட்டி அடுத்த டேர்ம் தமிழை விட்டுப்போட்டு நீச்சலுக்கு அனுப்புவம் எண்டு அவர் சொல்லிப்போட்டார்."

"பேசிடுவா அக்கா."

"ஒரு வசனம் போதும். வீடியோவை மட்டும் மறந்திடாதையும்."

அன்று நடந்தது மாறுவேடப் போட்டி. நோட்டீஸில் 'உமக்குப் பிடித்த கடவுள்' என்று போட்டிருந்தார்கள். குழந்தைகள் ஏதாவது ஒரு கடவுளாக வந்து, நடுவரின் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும்.

ஆரணி நோட்டீஸை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, தனக்குப் பிடித்த கடவுள் கையில் சுத்தியல் வைத்திருக்கும் அந்த இடிக் கடவுள்தான் என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். அவராகப் போனால் தமிழ் பேசுவாளாம். சரஸ்வதியாகப் போனால் பேச மாட்டாளாம்.

இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் நார்வே பக்கம் நிஜமாகவே கும்பிட்ட சாமி. மழை வேண்டும் என்று விவசாயிகள் வேண்டிக்கொள்வார்களாம். அப்புறம் கோயில் போயிற்று, பக்தர்களும் போனார்கள். சாமி சும்மா உட்காரவில்லை, அமெரிக்காவுக்குப் போய் காமிக்ஸ் புத்தகத்தில் சூப்பர் ஹீரோவாகச் சேர்ந்துவிட்டார்.

பழைய கதைகளில் அவருக்குச் செம்பட்டைத் தாடி. காமிக்ஸில் சேர்ந்தபோது தாடியை எடுத்துவிட்டு, தலைமுடியைப் பொன்னிறமாக்கி, உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தார். புது நாட்டில் முதல் இன்டர்வியூவுக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான். பெயரை மட்டும் அவர் சுருக்கவில்லை. இரண்டே எழுத்து, சுருக்க அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு அவர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பார்மசியில் இருமல் மருந்து அடுக்குகிறேன். அவர் இடி இடித்துக்கொண்டிருந்தவர், இங்கும் இடிதான் இடிக்கிறார். பழைய அனுபவத்தை முழுசாக ஏற்றுக்கொண்டு, அதே துறையில் வேலை கொடுத்த ஒரே கேஸ் அவருடையதுதான்.

ஆக, ஆரணிக்கு மஞ்சள் கம்பளி நூலில் முடி வைத்தோம். பழைய சிவப்புத் திரைச்சீலையைத் தோளில் கட்டினோம். பால் டப்பாவில் அலுமினியத் தாள் சுற்றிச் சுத்தியல் செய்தோம். நான்கு வரி எழுதி மனப்பாடமும் செய்ய வைத்தேன்.

ஹாலில் பதிவு மேசைக்கு நீண்ட வரிசை. படிவம் இரண்டு தாள், கிளிப் போட்டு அட்டையோடு கையில் கொடுத்தார்கள். நின்றுகொண்டே நிரப்பினேன்.

முதல் தாளில் பெயர், வயது, பெற்றோர். நிரப்பினேன்.

இரண்டாவது தாளிலும் பெயர், தந்தை, வதிவிடம், வாகனம் என்று கேட்டிருந்தது. அதையும் நிரப்பினேன்.

ஒரே விவரத்தை ஏன் இரண்டு தடவை கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் விசா படிவம் நிரப்பிப் பழகிய ஆள். என் பிறந்த தேதியை ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தாள் இருந்து அதிலும் பெயர் கேட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது.

தமிழ்ப் பள்ளியில் பதிவு மேசைக்கும் மைக்குக்கும் தேநீருக்கும் ஒரே பொறுப்பாளர் குலம் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர். படிவத்தைப் பார்க்காமலே வாங்கி அடுக்கில் வைத்தார்.

"எந்தச் சாமி, பிள்ளை?"

"இடி..." என்றேன்.

"காலமை வெள்ளன இடி விழுற கதை கதையாதையும்."

"இல்ல அங்கிள். இடிக்கு ஒரு கடவுள் இருக்கார்ல, அவர்."

"அப்ப இந்திரன்."

இந்த இடத்தில் நான் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கார் வாங்குவதற்கு முன், பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூட மணி அடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது மணி அடித்த இடத்தில் இறங்கி நடந்தவள் நான். தலையை ஆட்டினேன்.

ஆரணி ஆட்டவில்லை. தான் இந்திரன் இல்லை என்றும், இந்திரன் யாரென்றே தெரியாது என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தன் சாமியின் பெயரைச் சொன்னாள்.

"இதென்ன முழுப் பேரோ, இனிஷியலோ?" என்றார் அங்கிள். திரைச்சீலையையும் சுத்தியலையும் பார்த்தார். "இது படத்தில வாற ஆள் எல்லோ? இது சாமி இல்லைப் பிள்ளை."

"முன்னாடி சாமியாத்தான் இருந்தார், அங்கிள். நிஜமாவே கும்பிட்டிருக்காங்க. தேர்கூட இருக்கு. ரெண்டு ஆடு இழுக்கும்."

அங்கிள் முகம் சற்று இளகியது. "ஆட்டுக்கடா வாகனமோ? முருகனுக்கும் இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வழக்கமாகப் பேச மாட்டேன், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "ராத்திரி பசிச்சா அந்த ஆட்டையே சமைச்சுச் சாப்பிட்டுடுவார் அங்கிள். காலைல எலும்பு மேல சுத்தியலைக் காட்டினா ஆடு மறுபடி எழுந்து நிக்கும்."

அங்கிள் பேனாவைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காதவர் அவர்.

"வாகனத்தையே கறி வைக்கிறவரோ?"

"மறுநாள் சரி பண்ணிடுவார், அங்கிள்."

"எங்கட பிள்ளையார் ஒரு நாளாவது எலியைப் பசியோட திரும்பிப் பாத்திருப்பாரோ?"

எனக்குப் பின்னால் வேல் வைத்திருந்த ஒரு முருகனின் அம்மா, "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். ஆரணி நோட்டீஸைக் காட்டி, 'பிடித்த கடவுள்' என்றுதானே போட்டிருக்கிறது, எந்த ஊர்க் கடவுள் என்று போடவில்லையே என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான்.

அங்கிள் நோட்டீஸை வாங்கிப் படித்தார். "ஆர் இதை இப்பிடி எழுதினது?" என்று சத்தமாகக் கேட்டார். பிறகு நினைவு வந்தது போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, போங்கோ" என்றார்.

வாகனம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தபோதே எனக்குச் சுரீரென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஜெயித்த மிதப்பில் இருந்தேன்.

போட்டி தொடங்கியது. குலம் அங்கிள் இப்போது மைக்கில். முதலில் ஒரு முருகன் வந்தார்.

"கடவுளின் பெயர், முருகன். தந்தை, சிவபெருமான். வதிவிடம், பழநி. வாகனம், மயில். கையில் வைத்திருப்பது, வேல். உணவு, பஞ்சாமிர்தம். துணை, வள்ளி தெய்வானை."

அங்கிள் வாசித்தது படிவத்தின் இரண்டாவது தாளை.

அது குழந்தையைப் பற்றிய தாள் இல்லை, கடவுளைப் பற்றிய தாள். தலைப்பு கிளிப்புக்கு அடியில் மாட்டியிருந்திருக்கிறது. நான் என்னென்ன எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று இருந்தது.

ஆரணிக்கு முன்னால் இன்னும் நான்கு முருகன், மூன்று கண்ணன், அட்டை வீணையோடு ஒரு சரஸ்வதி. நேரம் இருக்கிறது. போனில் வீடியோவை இப்போதே தயாராக வைத்துக்கொள்வோம் என்று பட்டனைத் தட்டி, போனைக் கையில் பிடித்தபடி மேடை ஓரமாகப் போய் நின்றேன். தாளை வாங்கி நாலு வரி திருத்தினால் முடிந்தது.

கையைப் பாதி தூக்கினேன். முழுவதும் தூக்க வரவில்லை.

அங்கிள் பார்த்துவிட்டார். மைக்கைக் கொஞ்சமும் விலக்காமல், "வோஷ்ரூம் பின்னுக்கு, பிள்ளை" என்றார்.

இருநூறு பேர் திரும்பினார்கள்.

'அதுக்கு இல்ல அங்கிள்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? எனக்கு அந்த நொடிகள் அமையவில்லை. தலையை ஆட்டிவிட்டு வோஷ்ரூமுக்குப் போனேன்.

போனதும் உடனே திரும்பினால் நன்றாக இருக்காது என்று கொஞ்ச நேரம் நின்றேன். கை கழுவினேன். காய வைத்தேன். இன்னொரு தடவை கழுவினேன்.

திரும்பி வந்தபோது மேடையில் சுத்தியலோடு ஆரணி நின்றிருந்தாள். முருகன்கள் ஆளுக்கு ஒரு நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். பதறிப் போய்ப் போனை உயர்த்தி வீடியோ பட்டனைத் தட்டினேன்.

"கடவுளின் பெயர்..." அங்கிள் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். "ஆரணி ஜெயசீலன்."

ஹாலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தந்தை, ஜெயசீலன். எலக்ட்ரீஷியன்."

முன்வரிசையில் ஒருவர், "அப்ப சரி. தகப்பன் கரண்ட், பிள்ளை இடி" என்றார். சிரிப்பு தொடங்கியது.

"வதிவிடம், ரானுயி. வாகனம், வெள்ளைக் கார். பின் லைட் ஒன்று எரியாது."

கேட்காத விவரத்தையும் சேர்த்து எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. மறைத்தால் விசா போய்விடும் என்ற பயத்தில் வந்த பழக்கம்.

"கையில் வைத்திருப்பது, சுத்தியல், தண்ணீர் பாட்டில், ஒரு வாழைப்பழம். உணவு, வேர்க்கடலை ஆகாது. சாப்பிட்டால் உடனே அம்மாவுக்குப் போன் செய்யவும்."

குலம் அங்கிளுக்கு ஏதோ தவறு என்று எப்போதோ புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் செய்தி வாசிப்பவர் போல அசையாமல் வாசித்தார். ஆட்டுக்கறிக்குப் பழி வாங்குகிறார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

"துணை," என்று நிறுத்தினார். "மதுமிதா. அதே வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார்."

உடன் வந்திருப்பவர் யார் என்று கேட்கிறார்கள் என நினைத்து எழுதியது அது. வாடகைக்கு என்று சொன்னால் உறவு தெளிவாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. யார் அந்த மதுமிதா என்று தேடினார்கள். போனை உயர்த்திப் பிடித்தபடி முகம் சிவந்து நின்றது நான் ஒருத்திதான். தேடுவதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை.

எனக்கு வெட்கம் பழக்கம். ஆனால் மேடையில் ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். சுத்தியல் பிடித்த கை கீழே இறங்கிவிட்டது. அவள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் தயார் செய்த நான்கு வரியும் போய்விட்டதென்று அந்த முகமே சொன்னது. நீச்சல் உடை வாங்க வேண்டியதுதான்.

நடுவராக மலேசியாக்காரம்மா ஒருவர் இருந்தார். அவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவர். "சாமி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நார்வேல இருந்த நீங்க எதுக்கு ரானுயிக்கு வந்தீங்க?"

ஆரணி சுத்தியலில் சுற்றிய அலுமினியத் தாளைச் சுரண்டினாள்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மேடைக்குக் கீழே போய் முதல் வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"துணைவியார் ஏதோ சொல்ல வாறா" என்றார் குலம் அங்கிள், மைக்கில்.

மறுபடி சிரிப்பு. அப்போதுதான் ஆரணி சுத்தியலைத் தூக்கி மேடைப் பலகையில் ஓங்கி அடித்தாள். பால் டப்பா நசுங்கியது.

"சிரிக்காதேங்கோ."

தமிழ். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ், அவள் அம்மா காலையில் பல் தேய்க்கச் சொல்லும் அதே தொனியில்.

மலேசியாக்காரம்மா மெதுவாகக் கேட்டார். "சரிலா, சிரிக்கல. ஏன் வந்தீங்க, சொல்லுங்க."

"அங்க வேலை இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அப்பா, காரணமே இல்லாமல் செருமினார். அந்த ஹாலில் முக்கால்வாசிப் பேர் விசா படிவத்தில் இரண்டு பக்கத்துக்கு நீட்டி எழுதியதை அவள் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

"இப்ப என்ன வேலை?"

"கொமிக்ஸில. சண்டை பிடிக்கிறது."

"நல்ல வேலையா?"

ஆரணி யோசித்தாள். "ஓம். ஆனா சனிக்கிழமையும் வேலை. வீட்ட நிக்க ஏலாது."

"அப்போ இந்தத் துணை...?"

ஆரணி என்னைப் பார்த்தாள். "அவ துணை இல்லை. அவ ரென்ட்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஆரணியும் சிரித்தாள்.

முதல் பரிசு மூன்றாவது முருகனுக்குப் போயிற்று. பேச்சு அருமை, ஆனால் வதிவிடம் ஒரு புண்ணியத் தலமாக இல்லை என்று சொல்லி எங்களுக்கு ஆறுதல் பரிசு. அடுத்த வருடம் நோட்டீஸில் 'நமது கடவுள்' என்று திருத்தம் வரும் என்றும் குலம் அங்கிள் அறிவித்தார். நமது என்றால் எது வரை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தேநீர் தாமதமாகும்.

தேநீர் வரிசையில் ஓர் ஆன்ட்டி என் தோளைத் தொட்டார். "தங்கச்சி, உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ? இல்லை, ஒரு சந்தேகத்துக்குக் கேட்டனான்."

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கதைச்சவளோ?"

"பேசினா அக்கா. நிறைய பேசினா. இதோ பாருங்க." பெருமையோடு போனை நீட்டினேன்.

வீடியோ ஓடியது. முதலில் குலம் அங்கிளின் முழங்கால். பிறகு என் செருப்பு. பிறகு வோஷ்ரூம் தரை. பிறகு நான்கு நிமிடம் கை காய வைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். பிறகு ஹால், மேடை, சுத்தியலோடு ஆரணி. அதோடு முடிந்தது.

நான் முன்னேற்பாடாகத் தட்டியபோது அது ஓட ஆரம்பித்திருக்கிறது. பதறித் தட்டியபோது நின்றிருக்கிறது.

அக்கா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மது, எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். கதைக்கேல்லை எண்டா கதைக்கேல்லை எண்டு சொல்லும்."

"சத்தியமா பேசினா அக்கா." ஆரணி பக்கம் திரும்பிக் கெஞ்சினேன். "ஆரணி, நீயே சொல்லேன்."

சோஃபாவில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த இடிக் கடவுள் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, இவ ஃபோமில எல்லாம் பிழையா எழுதினவ. எல்லாரும் சிரிச்சவை. இவவுக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது."

அக்காவின் கையிலிருந்த பை நழுவியது. "என்ன சொன்னனி? திருப்பிச் சொல்லு."

ஆரணி திருப்பிச் சொன்னாள். அக்கா இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஜெயசீலன் அண்ணாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டு, மூன்றாவது தடவை சொல்ல வைத்தார். அந்தப் பக்கத்தில் அண்ணா வேலை செய்த இடத்தில் துளை போடும் இயந்திரம் நின்றது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லம்மா" என்றார்.

கேட்கக் கேட்க ஆரணிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நான்காவது தடவையில், நான் சாப்பிட்ட தட்டை ஊற வைத்துவிட்டு மறந்துபோவதையும் சேர்த்துக்கொண்டாள். சொந்த வாக்கியம், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்த் தட்டைக் கழுவினேன்.

நீச்சல் வகுப்புப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

குழந்தைக்குத் தமிழ் வர வேண்டுமானால் புத்தகம், பாட்டு, போட்டி எல்லாம் அப்புறம். குறை சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.